போர்டு மேல துண்டு காயுது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல நகரத்தை சுத்தி இருக்கிற பூங்கா, ஏரி எல்லாத்தையும் தொகுத்து ரெண்டு பக்கத்துக்கு போட்டிருந்தீங்க. நல்லா இருந்துச்சு, என் பொண்ணு அதை வெட்டி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வச்சிருக்கா, லீவு விட்டா ஒவ்வொண்ணா போகணுமாம். ஆனா மேல பெருசா போட்டிருந்த அந்த படம் எனக்கு ரெண்டு நாளா உறுத்திட்டே இருக்குங்க. ஒரு பையன் பாறை மேல இருந்து தலைகீழா ஏரிக்குள்ள பாயுறான், கை ரெண்டும் முன்னாடி நீட்டி, உடம்பு வில்லு மாதிரி வளைஞ்சு, கீழ தண்ணி அசையாம கிடக்கு. படம் எடுத்தவரை குறை சொல்லல, அவ்ளோ அழகு. அந்த பாறைக்கு கீழ தண்ணி எத்தனை அடின்னு அந்த ரெண்டு பக்கத்துல எங்கயாவது ஒரு வரி இருக்கான்னு தேடினேன். இல்ல. எந்த ஏரியில குளிக்கலாம், எதுல சும்மா கரையில உக்காந்து பாக்க மட்டும் தான், அதுவும் இல்ல. போற வழி இருக்கு, செல்ஃபி எடுக்க நல்ல இடம் எதுன்னு இருக்கு.

ஏரி ஆழம்ங்கிறது வருஷம் பூரா ஒரே அளவா இருக்காது சார். மழைக்கு அப்புறம் அந்த பாறைக்கு கீழ ரெண்டாள் ஆழம் இருக்கும், வெயில் காலம் முடியறப்ப முட்டியளவு கூட இருக்காது, பாறை மட்டும் அதே இடத்துல அதே உயரத்துல நிக்கும். போன தடவை குதிச்ச தைரியத்துல இந்த தடவையும் குதிப்பான். கலங்கின தண்ணின்னா அடி தெரியவே தெரியாது. தெளிஞ்ச தண்ணின்னா அது வேற மாதிரி ஏமாத்தும், மேல இருந்து நேரா பாத்தா நிஜ ஆழத்துல முக்கால் பங்கு தான் கண்ணுக்கு தெரியும், ஒளி வளையுறதுன்னு ஸ்கூல்ல படிச்சோமே அதே தான். மூணு அடின்னு நினைச்சு குழந்தையை இறக்கினா அங்க நாலு அடி இருக்கும், நமக்கு நெஞ்சளவு, அதுக்கு மூக்கு.

இதெல்லாம் எங்கயோ படிச்சிட்டு வந்து எழுதறேன்னு நினைக்காதீங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி என் தங்கச்சி பையனை, அப்ப அவனுக்கு ஒம்பது வயசு, இப்படி ஒரு ஏரி பூங்காவுக்கு கூட்டிட்டு போனோம். புல்தரை, ஊஞ்சல், நடைபாதை எல்லாம் போட்டு அருமையா வச்சிருந்தாங்க. கரையோரம் "இங்கு குளிக்க தடை செய்யப்பட்டுள்ளது"ன்னு ஒரு போர்டு, பெயிண்ட் பாதி உரிஞ்சு போய். அந்த போர்டு மேலயே நாலு துண்டு, ஒரு பேண்ட், ஒரு குழந்தை டீ-ஷர்ட் காயப் போட்டிருந்தாங்க. தண்ணிக்குள்ள நூறு பேராவது இருந்திருப்பாங்க. தடைன்னு எழுதின இடத்துல நூறு பேர் குளிக்கிறப்ப நாமும் என்ன பண்ணுவோம், நூத்தி ஒண்ணா இறங்கினோம். நான் யோக்கியன்னு சொல்லல.

பையன் இடுப்பளவு தண்ணியில நின்னுட்டு இருந்தான். என் தங்கச்சி அஞ்சு அடி தள்ளி நின்னு ஃபோன்ல வீடியோ எடுத்துட்டு இருந்தா, நான் அவளுக்கு பின்னாடி. அந்த ஏரியில எப்பவோ மண்ணு தோண்டி எடுத்திருக்காங்க, கரையில இருந்து பத்தடி வரைக்கும் சமதரை, அதுக்கு அப்புறம் ஒரே பள்ளம். அவன் ஒரு எட்டு வச்சான், அவ்ளோ தான். கத்தல, கையை ஆட்டல, தண்ணியை அடிக்கல. தலையை பின்னாடி சாய்ச்சு, வாய் தண்ணி மட்டத்துக்கு வருது, உள்ள போகுது, திரும்ப வருது. முடி கண்ணு மேல விழுந்து கிடக்கு, அதை தள்ளி விடக்கூட இல்ல. கை ரெண்டும் தண்ணிக்கு அடியில பக்கவாட்டுல அழுத்துது, ஏணி ஏறற மாதிரி. நாங்க ரெண்டு பேரும் அவன் விளையாடறான்னு நினைச்சோம் சார். சிரிச்சுட்டு தான் இருந்தோம், அந்த வீடியோவுல எங்க சிரிப்பு சத்தம் கூட இருக்கு. தங்கச்சி அன்னிக்கு ராத்திரியே அதை அழிச்சுட்டா.

கரையில ஒரு பெரியவர் குடையோட உக்காந்திருந்தார். "ஏம்மா, அந்த புள்ள விளையாடலம்மா"ன்னு ஒரு சத்தம். சொல்லிட்டே அவரே முட்டியளவு இறங்கி குடையை மடக்கி வளைஞ்ச கைப்பிடி பக்கத்தை நீட்டினார், அவன் எட்டி பிடிச்சான், இழுத்துட்டார். அவர் நீந்தவே இல்ல. அப்புறமா சொன்னார், "சத்தம் போடறவனுக்கு இன்னும் மூச்சு இருக்குன்னு அர்த்தம்பா, சத்தமே இல்லாதவனைத் தான் மொதல்ல பாக்கணும்"னு.

அதுக்கு அப்புறம் தான் இதை பத்தி தேடி தேடி படிச்சேன். ஃப்ரான்செஸ்கோ பியான்னு அமெரிக்காவுல ஒரு லைஃப்கார்டு, அதாவது குளிக்கிற இடத்துல காவல் நிக்கிறவர், தண்ணியில மூழ்கறவங்க எப்படி இருப்பாங்கன்னு வருஷக்கணக்கா கவனிச்சு, படம் பிடிச்சு வச்சு எழுதியிருக்கார். அவர் எழுதினதும் நான் பாத்ததும் அப்படியே ஒண்ணு தான். மூச்சு வாங்கவே வாய் பத்தாதப்ப கத்தறதுக்கு காத்து எங்க இருக்கும், கையை தூக்கினா உடம்பு இன்னும் கீழ போகும்ங்கிறதால கை தானாவே தண்ணியை அழுத்தும். இப்படி 20 நொடியில இருந்து 60 நொடி வரைக்கும் தான், அப்புறம் உள்ள போயிடும். ஒரு நிமிஷம்! ஃபோன்ல வர்ற ஒரு மெசேஜுக்கு பதில் தட்டற நேரம். 2021ல மட்டும் உலகம் முழுக்க சுமார் 3 லட்சம் பேர் நீர்ல மூழ்கி இறந்திருக்காங்கன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது, அதுல பாதிக்கு கிட்ட 30 வயசு கூட ஆகாதவங்க. இதுக்குன்னே ஐ.நா. ஜூலை 25ஐ ஒரு நாளா அறிவிச்சிருக்கு, நிறைய பேருக்கு அப்படி ஒரு நாள் இருக்கிறதே தெரியாது.

இப்ப நீங்க நினைப்பீங்க, இவ்ளோ நடந்திருக்கு, இந்த ஆளு ஏரி எல்லாத்தையும் மூடுங்கன்னு சொல்ல வர்றான்னு. இல்ல சார், அதுக்கு நேர் எதிர். வெறும் தடையை மட்டும் போடறதை நிறுத்துங்கன்னு சொல்ல தான் இந்த லெட்டர்.

தடைன்னு ஒரு போர்டை நட்டுட்டா அதோட வேலை முடிஞ்சது பாருங்க. அங்க தான் யாருமே குளிக்கலையே, அப்புறம் எதுக்கு லைஃப்கார்டு? எதுக்கு ஆழம் அளக்கணும், எதுக்கு தண்ணியை டெஸ்ட் பண்ணணும்? காகிதத்துல குளிக்கிறவன் ஒருத்தனும் இல்ல, தண்ணியில நூறு பேர் இருக்கான். இந்த நூறு பேரை எந்த போர்டும் வெளிய வர வைக்காது, வெயில் அப்படி. அப்ப என்ன பண்ணலாம்னா, ஏரியில ஒரு ஓரத்தை, அடி சமமா இருக்கிற ஒரு அம்பது அறுபது மீட்டரை மட்டும் எடுத்து, கயிறும் மிதவையும் கட்டி, ஆழத்தை பெரிய எழுத்துல எழுதி, நீச்சல் தெரிஞ்ச ரெண்டு பேரை உக்கார வச்சு, "இங்க மட்டும் குளிங்க"ன்னு சொல்லுங்க. மீதி ஏரிக்கு தடை போடுங்க, அப்ப அந்த தடையை ஜனங்க மதிப்பாங்க. ஏன்னா போறதுக்கு ஒரு இடம் இருக்கு.

இது ஒண்ணும் புதுசு இல்ல. பெர்லின்ல வான்ஸேன்னு ஒரு ஏரி, நூறு வருஷத்துக்கும் மேல முன்னாடி அங்கயும் குளிக்க தடை தான், ஜனங்க கேக்காம குளிச்சுட்டு தான் இருந்தாங்க. 1907ல கரையோரம் ஒரு சின்ன பகுதியை மட்டும் திறந்து விட்டாங்க. இன்னிக்கு அதே இடத்துல ஒரு கிலோமீட்டருக்கு மேல நீளமா மணல் போட்ட கரை இருக்கு, குடும்பம் குடும்பமா போறாங்க. டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகன்ல துறைமுக தண்ணி, சாக்கடை கலந்து கிடந்தது, கன மழையில வர்ற கழிவு நேரா கடலுக்கு போகாம தேக்கி வைக்க தொட்டிகள் கட்டி, 2002ல அங்கயே நகரத்து நடுவுல குளிக்கிற இடம் திறந்தாங்க. பாரிஸ் கதை இன்னும் பெருசு. சேன் நதியில 1923ல இருந்து குளிக்க தடை, கிட்டத்தட்ட 140 கோடி யூரோ செலவு பண்ணி சுத்தம் பண்ணி 2025 ஜூலைல மூணு இடத்துல ஜனங்களை இறங்க விட்டாங்க. அங்க தினமும் தண்ணி சாம்பிள் எடுக்கறாங்க, பச்சை, மஞ்சள், சிவப்புன்னு கொடி ஏத்தறாங்க, கன மழை பெஞ்சா அன்னிக்கு மூடிடறாங்க. நூறு வருஷ தடையை எடுத்துட்டு அந்த இடத்துல ஒரு கொடி வச்சாங்க, அவ்ளோ தான் வித்தியாசம். அவ்ளோ காசு எல்லா ஊர்லயும் இருக்காது தெரியும், ஆனா கொடிக்கு என்ன காசு?

தண்ணி விஷயத்துக்கு வரேன், இதை யாரும் பேசறதே இல்ல. ஏரி தண்ணி பாக்க சுத்தமா இருக்கா இல்லையாங்கிறது கண்ணால முடிவு பண்ற விஷயமே இல்லைங்க. ஐரோப்பாவுல 2006ல போட்ட ஒரு விதி இருக்கு, குளிக்கிற இடம்னு அறிவிச்ச ஒவ்வொரு ஏரி, ஆறு, கடற்கரையிலயும் சீசன் பூரா சாம்பிள் எடுத்து ஈ.கோலை, என்டரோகாக்கைன்னு ரெண்டு கிருமியை எண்ணணும், ரெண்டுமே மலத்துல இருந்து வர்றது, எண்ணி மிகச்சிறப்பு, நல்லது, போதுமானது, மோசம்னு நாலுல ஒண்ணா தரம் போட்டு அந்த இடத்துலயே ஜனங்க பாக்கிற மாதிரி எழுதி வைக்கணும். படிச்சப்ப எனக்கு பொறாமையா இருந்துச்சு. நாங்க போன ஏரியில மூலையில கரை ஓரமா பச்சை பெயிண்ட் கொட்டின மாதிரி ஒரு படலம் மிதந்துட்டு இருந்துச்சு, பசங்க அதை கையில அள்ளி ஒருத்தன் மேல ஒருத்தன் வீசி விளையாடறாங்க. நீலப்பச்சை பாசின்னு பேரு, ஆனா உண்மையில பாசி இல்ல, பாக்டீரியா. சில வகை விஷம் கக்கும், தோல் அரிக்கும், தண்ணியை முழுங்கினா வாந்தி பேதி, ஈரல் வரைக்கும் பாதிக்கும், அந்த தண்ணியை குடிச்ச நாய் செத்துக்கூட போகும். தண்ணிக்கு மேல படலம் கட்டியிருந்தா அந்த பக்கமே போகக்கூடாதுன்னு எங்களுக்கு யார் சொன்னா? ஒருத்தரும் சொல்லல.

அந்த படலம் வர்றதுக்கும் நாம தான் காரணம்ங்கிறது தனி சோகம். சோப்பு போட்டு குளிக்கிறோம், கரையில துணி அலசறோம், சாக்கடை ஒரு பக்கம் கலக்குது, வாத்துக்கு பாவம்னு பாக்கெட் பாக்கெட்டா ரொட்டி போடறோம். அது எல்லாம் தண்ணியில உரமா மாறுது, வெயில் அடிச்சதும் பச்சை பச்சையா பொங்குது. வாத்துக்கு ரொட்டி போடறது புண்ணியம்னு நினைச்சு எத்தனையோ நாள் நானே போட்டிருக்கேன்.

அப்புறம் ஒரு விஷயம், இதை ஆம்பளைங்க எழுதவே மாட்டாங்க, என் தங்கச்சி சொல்லி தான் எனக்கே புரிஞ்சது. அன்னிக்கு தண்ணியில இருந்த நூறு பேர்ல பொம்பளைங்க எத்தனை பேருன்னு கேட்டா. யோசிச்சு பாத்தேன், பத்து பேர் கூட இல்ல, அவங்களும் போட்டிருந்த டிரஸ்ஸோட முட்டியளவு நின்னு குழந்தையை பிடிச்சுட்டு இருந்தவங்க. உடை மாத்த ஒரு ரூம் இல்ல, இருந்த ஒரு கழிவறைக்கு தாழ்ப்பாள் இல்ல, நனைஞ்ச துணியோட அந்த கூட்டத்துக்கு நடுவுல நடந்து கார் வரைக்கும் வரணும். "நீச்சல் கத்துக்கோ கத்துக்கோன்னு சொல்றியே அண்ணா, எங்க போய் கத்துக்க?"ன்னா. எனக்கு பதில் இல்ல. குழந்தை பக்கத்துல எப்பவும் நிக்கிறது அம்மா தான், அந்த அம்மாவுக்கு தான் நீச்சல் தெரியல, இதுல எங்க தப்புன்னு நீங்களே பாத்துக்கங்க. லண்டன்ல ஹாம்ஸ்டெட் ஹீத்னு ஒரு பெரிய பூங்காவுக்குள்ள பெண்களுக்குன்னே ஒரு குளம் 1925ல இருந்து இருக்கு, உடை மாத்தற இடம், லைஃப்கார்டு எல்லாத்தோட. தனி குளம் எல்லாம் கேக்கல, கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போடுங்க போதும்.

நாங்க போன அந்த ஏரி பூங்கா நிர்வாகத்துல ஒருத்தர்கிட்ட இதை எல்லாம் ஒரு நாள் நேர்லயே சொன்னேன். பொறுமையா கேட்டார், நல்ல மனுஷன் தான். "நீங்க சொல்றது சரி சார், ஆனா நாங்க திறந்து விட்டு அங்க ஒருத்தனுக்கு ஏதாவது ஆச்சுன்னா கேஸ் எங்க மேல வரும், தடைன்னு எழுதிட்டா எங்க கை சுத்தம்"னார். இந்த பயம் எல்லா ஊர் அதிகாரிக்கும் இருக்கு போல. இங்கிலாந்துல இதே மாதிரி ஒரு வழக்கு நடந்திருக்கு. பழைய மணல் குவாரி ஒண்ணு ஏரியாகி, சுத்தி பூங்கா ஆகி, 1995ல ஒரு 18 வயசு பையன் ஆழமில்லாத இடத்துல தலைகீழா பாஞ்சு கழுத்து முறிஞ்சு போச்சு, அங்கயும் குளிக்க கூடாதுன்னு போர்டு இருந்துச்சு, அங்கயும் யாரும் கேக்கல. இப்படி ஏதாவது நடக்கும்னு பயந்து, அந்த விபத்துக்கு முன்னாடியே நிர்வாகம் மணல் கரை மேல மண்ணை கொட்டி செடி நட முடிவு பண்ணியிருந்துச்சு. வழக்கு மேல மேல போய் 2003ல பிரபுக்கள் சபையில முடிஞ்சது, அப்ப அது தான் அங்க உச்ச நீதிமன்றம் மாதிரி, பார்த்தாலே தெரியற ஆபத்துல ஒருத்தர் தானா இறங்கினா நிர்வாகம் பொறுப்பு இல்ல, ஒருத்தருக்கு நடந்ததுக்காக அந்த கரையில சும்மா உக்காந்து விளையாடிட்டு போற மத்த எல்லாரோட சந்தோஷத்தையும் பிடுங்க வேண்டியதும் இல்லைன்னு தீர்ப்பு. அந்த பையனை நினைச்சா மனசு கஷ்டமா தான் இருக்கு. ஆனாலும் தீர்ப்பு சரின்னு தான் எனக்கு படுது. ஒவ்வொரு நாட்டுக்கும் சட்டம் வேற, நான் வக்கீல் இல்ல, ஆனா பார்த்தா தெரியாத ஆபத்துன்னு ஒண்ணு இருக்கே, பத்தடி தாண்டினா பள்ளம்ங்கிறது, அதை ஒரு கொம்பு நட்டு சொல்றதுக்கு கூடவா பயம்?

இதுக்கு நடுவுல இன்னொண்ணு சொல்லிடறேன், மறந்துடுவேன். யாராவது மூழ்கறதை பாத்தா நீச்சல் தெரிஞ்சாலும் உடனே பாயாதீங்க, பயத்துல அவங்க உங்களை பிடிச்சு அமுக்கிடுவாங்க, காப்பாத்த போனவங்களும் சேர்ந்து போன கதை நிறைய. குடை, கொம்பு, துண்டு, மூடி போட்ட காலி தண்ணி கேன், எது கிடைக்குதோ அதை நீட்டுங்க, இல்ல வீசுங்க. வெளிய எடுத்ததும் தலைகீழா தூக்கி சுத்தறது, வயித்தை அமுக்கி தண்ணி எடுக்கறது, இதெல்லாம் செய்யவே கூடாது, உள்ள இருக்கிறது எல்லாம் வாய்க்கு வந்து மூச்சுக்குழாய்ல போகும், நேரமும் போகும். ஆம்புலன்ஸுக்கு ஒருத்தர் ஃபோன் பண்ணட்டும், மூச்சு இல்லைன்னா மொதல்ல வாயோட வாய் வச்சு மூச்சு கொடுக்கணும், அப்புறம் நெஞ்சை அழுத்தணும். மாரடைப்புக்கு மொதல்ல நெஞ்சுன்னு சொல்லித்தருவாங்க, மூழ்கினவங்களுக்கு மொதல்ல காத்து, ஏன்னா காத்து இல்லாம தானே அந்த நிலைமை வந்துச்சு. காத்தடிச்ச டியூப், பொம்மை மிதவை இதெல்லாம் விளையாட்டு சாமான், காத்துக்கு நகர்ந்து ஆழத்துக்கு இழுத்துட்டு போயிடும், குழந்தைக்கு போடறதுன்னா சரியான சைஸ்ல லைஃப் ஜாக்கெட் தான்.

சரி, உங்ககிட்ட என்ன கேக்கறேன்னா ஆசிரியரே, நிர்வாகம் போர்டு வைக்கிறப்ப வைக்கட்டும், அதுவரைக்கும் உங்க பேப்பர் ஒரு வேலை செய்யலாம். தினமும் வானிலை போடறீங்க இல்ல, எத்தனை டிகிரி, மழை வருமா வராதான்னு. அதுக்கு கீழ ஒரு ரெண்டு அங்குல இடம். சனிக்கிழமை மட்டும் போதும். எந்த ஏரியில தண்ணி மட்டம் எவ்ளோ, எதுல குளிக்க அனுமதி, எதுல பச்சை படலம் வந்திருக்கு, எந்த பூங்காவுல லைஃப்கார்டு இருக்கான். உங்க நிருபர் ஒரு ஃபோன் போட்டு கேட்டா போதும், ஒரு நிர்வாகத்துக்கு பதில் தெரியலைன்னா "பதில் தெரியவில்லை"ன்னே அச்சடிங்க. நாலு வாரம் தொடர்ந்து அப்படி வந்தா அஞ்சாவது வாரம் அவங்களே ஆள் அனுப்பி அளந்துட்டு வந்து சொல்வாங்க. அடுத்த தடவை இணைப்பு போடறப்ப பாறை மேல இருந்து பாயுற படம் வேண்டாம், கயிறு கட்டின இடத்துல குழந்தைங்க கும்மாளம் போடற படம் போடுங்க, அப்படி ஒரு இடம் இருந்தா.

என் தங்கச்சி பையன் இப்ப ஒழுங்கா நீச்சல் கிளாஸ் போறான், நிமிர்ந்து மல்லாக்க மிதக்கிறான், நான் தான் இன்னும் அவன் தண்ணியில இருந்தா ஃபோனை தொடறதில்ல. போன வாரம் ஆசைப்பட்டான்னு அதே ஏரிக்கு கூட்டிட்டு போனேன், இறங்கல, சும்மா நடக்க தான். போர்டுக்கு புதுசா பெயிண்ட் அடிச்சிருக்காங்க, சிவப்பு எழுத்து பளிச்சுன்னு இருக்கு. பெயிண்ட் காயறதுக்குள்ளயே யாரோ துண்டை போட்டு எடுத்திருக்காங்க போல, "தடை"ங்கிற இடத்துல துண்டோட நெசவு அப்படியே கட்டம் கட்டமா பதிஞ்சு இருந்துச்சு.

இப்படிக்கு,
உங்க ரொம்ப நாள் வாசகன்